முந்திச் செல்லும் உரிமை

வரிசை என்பது மனிதன் கண்டுபிடித்த நீதிகளுள் மிக எளியது. முன்னால் வந்தவன் முன்னால் பெறுவான். பின்னால் வந்தவன் காத்திருப்பான். செல்வனா வறியவனா, படித்தவனா பாமரனா என்று அது பார்ப்பதில்லை. ரேஷன் கடையிலும் மருத்துவமனை வாயிலிலும் பயணச்சீட்டு வழங்கும் இடத்திலும் நாம் இந்த நீதியை மதித்தே நிற்கிறோம். அதைக் குலைத்து முன்னே பாய்கிறவனைக் கண்டால் நமக்குக் கோபம் வருகிறது, வரவும் வேண்டும்.

எனினும் அதே வரிசைக்கு, மூச்சுத் திணறும் குழந்தையைத் தோளில் சுமந்தபடி ஒரு தாய் ஓடிவந்தால் என்ன நடக்கிறது? யாரும் சொல்லாமலே எல்லாரும் விலகி வழிவிடுகிறார்கள். வரிசை அங்கே குலைகிறது. ஆனால் நீதி குலையவில்லை. அப்படியானால் வரிசைக்கும் மேலான நீதி ஒன்று உண்டு என்பதை நம் உள்ளம் அறிந்தே வைத்திருக்கிறது. அந்த நீதி எது? முந்திச் செல்லும் உரிமை யாருக்கு உண்டு? 'எனக்கு அவசரம்' என்று எவரும் சொல்லிக்கொள்ளலாமே. அச்சொல்லை உரசிப் பார்க்கும் உரைகல் எது?

கண்முன் நிற்கும் வரிசையில் இக்கேள்வி அவ்வளவு கடினமன்று. தாயின் முகமே அங்கே சான்று. தொலைபேசி வந்தபின் அந்த முகம் மறைந்தது. மணியோசை ஒன்றே மிஞ்சியது. திருமணத்துக்கு வாழ்த்துச் சொல்ல விரும்புகிறவனும், தீயில் சிக்கியவனும் ஒரே மணியைத்தான் அடிக்கிறார்கள். இந்தக் குறையைப் போக்கவே உலகம் எண்களை நாடியது. அவசரத்துக்கு ஓர் எண், அவசரமல்லாதவற்றுக்கு வேறோர் எண் எனப் பிரித்தது. பார்வைக்கு இது அலுவலக ஏற்பாடாகத் தோன்றும். உள்ளே புகுந்து நோக்கினால், மனிதன் மனிதனுக்குப் பட்டிருக்கும் கடன் இதில் அடங்கியிருப்பது விளங்கும்.

இலண்டன் மாநகரின் விம்போல் தெருவில் 1935ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. அதைக் கண்ட அயலார் ஒருவர் தீயணைப்புப் படைக்குத் தகவல் சொல்லத் தொலைபேசியை எடுத்தார். அந்நாளில் தொலைபேசி நிலையத்தில் அமர்ந்திருப்போரை முதலில் அழைக்க வேண்டும். அவர்கள்தாம் உரிய இடத்துக்கு இணைத்துத் தருவார்கள். அவர் அழைத்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது, பதில் வரவில்லை. அந்தத் தீயில் ஐவர் மாண்டனர். மனம் பொறாத அந்த மனிதர் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. நிலையத்தில் பணியாற்றியவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். அவர்களுக்கு முன்னே வந்து குவிந்த அழைப்புகளுள் எது உயிருக்கு மன்றாடுவது, எது ஊர்க்கதை பேசுவது என்று அறிந்துகொள்ள அவர்களிடம் வழியே இல்லை. குறை மனிதரிடம் இல்லை. வேறுபாடு காட்டாத வரிசையிடம் இருந்தது.

அதன் விளைவாக 1937 ஜூன் 30ஆம் நாள் இலண்டனில் 999 என்னும் எண் நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணில் அழைப்பு வந்தால் நிலையத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஒலிப்பான் ஒலிக்கும். மற்ற அழைப்புகளை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். முகமற்ற வரிசையில், ஓடிவரும் தாய்க்கு மீண்டும் முகம் கிடைத்தது.

ஒன்பதை ஏன் தேர்ந்தார்கள்? அதில்தான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. ஒன்று என்பதை மும்முறை சுழற்றலாம் என்றால், காற்றில் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலே அந்தத் துடிப்பு உண்டாகிவிடும். யாரும் அழைக்காமலே அபாய மணி அடிக்கும். இரண்டு என்றால், 222 ஏற்கெனவே 'ஆபி' என்னும் பகுதியின் தொலைபேசி நிலையத்துக்கு உரியதாக இருந்தது. பூச்சியமோ சாதாரண உதவிக்கு நிலையத்தை அழைப்பதற்கெனப் போய்விட்டது. ஒன்பது, டயலில் பூச்சியத்துக்கு அடுத்த துளை. புகை மண்டிய அறையிலும் இருளிலும் கண்ணால் பாராமல் விரலால் தடவியே அதைக் கண்டுபிடித்துவிடலாம். காசு போட்டுப் பேசும் பொதுத் தொலைபேசிகளிலும் சிறு மாற்றம் செய்தால் காசில்லாமலே அந்த எண்ணைச் சுழற்ற முடியும்.

இவற்றை எண்ணிப் பாருங்கள். நடுங்கும் விரல், புகையில் எரியும் கண், சட்டைப்பையில் காசில்லாத ஏழை, காற்றில் உரசும் கம்பி இத்தனையும் அந்தத் தேர்வில் இடம்பெற்றன. எண்ணைத் தேர்ந்தவர்கள் தங்களைப் போல் மேசைமுன் அமைதியாக அமர்ந்திருப்பவனை மனத்தில் கொள்ளவில்லை. கதிகலங்கி நிற்பவனை மனத்தில் கொண்டார்கள். கருணை என்பது கண்ணீர் மட்டுமன்று. பிறன் நிலையில் நின்று நுட்பமாகக் கணக்கிடுவதும் கருணைதான்.

நியூசிலாந்து நாட்டில் டயலின் எண்கள் தலைகீழ் வரிசையில் அச்சிடப்பட்டிருந்தன. பிரிட்டனில் ஒன்பதைச் சுழற்றினால் உண்டாகும் துடிப்புகள் அங்கே ஒன்றைச் சுழற்றினால் உண்டாகும். ஆகவே அவர்கள் 1958இல் 111 என்பதை அவசர எண்ணாக்கினார்கள். உருவம் மாறியது, கருத்து மாறவில்லை. நம் நாட்டில் 1996இல் பம்பாயில் தெருவோரச் சிறாருக்காகத் தொடங்கிய உதவித் தொலைபேசிக்கு 1098 என்று எண் வைத்தார்கள். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குமுகமாக எண்ணத் தெரிந்தால் போதும். பள்ளியையே பாராத குழந்தையும் அதை மறவாது. யாருக்காக எண் வைக்கிறோமோ அவர் நினைவின் அளவுக்கு எண் இறங்கி வரவேண்டும் என்ற அறிவு இங்கும் தெரிகிறது.

ஆனால் நல்ல ஏற்பாட்டுக்கும் அதன் வெற்றியே சோதனையாகிவிடுகிறது. அமெரிக்காவில் 1968 பிப்ரவரி 16ஆம் நாள் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்னும் சிற்றூரில் 911 முதன்முதலாக ஒலித்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல நாடெங்கும் பரவியது; சிறுவர் முதல் முதியோர் வரை எல்லாருக்கும் மனப்பாடமானது. எல்லாரும் அறிந்த எண் எல்லாவற்றுக்கும் உரிய எண்ணாக மாறியது. எரியாத தெருவிளக்குக்கும், இரவெல்லாம் குரைக்கும் அடுத்த வீட்டு நாய்க்கும் அதையே சுழற்றினார்கள். அதனால் பால்டிமோர் நகரம் 1996இல், அவசரமல்லாதவற்றுக்கென 311 என்னும் தனி எண்ணை ஏற்படுத்தியது. பிரிட்டனிலும் காவல்துறையின் அவசரமல்லாத காரியங்களுக்கு 101, அவசரமல்லாத மருத்துவ உதவிக்கு 111 என எண்கள் பின்னர் வந்தன. துபாய் காவல்துறை 999உடன் 901 என்பதையும் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. உடல்நலம் பற்றிய ஆலோசனை கேட்க 104 இருக்கிறது.

இரண்டாம் எண் பிறந்த கணமே ஒரு புதிய பாரம் அழைப்பவன் தோளில் ஏறியது. முன்பு அவன் செய்ய வேண்டியது ஒன்றே: உதவி கேட்பது. இப்போது அதற்குமுன் அவன் தீர்ப்பு வழங்க வேண்டும்: என் துன்பம் முதல் எண்ணுக்கு உரியதா, இரண்டாம் எண்ணுக்கு உரியதா? அச்சத்தில் இருப்பவனிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமா? பதறாத காரியம் சிதறாது என்பது முதுமொழி. ஆனால் வீடு பற்றி எரியும்போது பதறாதவன் எங்கே இருக்கிறான்?

இதற்கு இருவகையாக விடை சொல்கிறார்கள். ஒரு சாரார் கண்டிப்புக்காரர்கள். 'ஊரில் இருப்பது ஒரே வண்டி. சுளுக்கிய காலுக்கு அது கிளம்பிவிட்டால் ஊரின் மறுகோடியில் மாரடைத்துக் கிடப்பவன் கதி என்ன? தேவையின்றி அழைப்பவன் காணாத ஒருவனைக் கொல்கிறான்' என்பது அவர்கள் வாதம். மறுசாரார், 'அஞ்சியவனிடம் கணக்குக் கேட்காதீர்கள். ஆயிரம் பேர் வீணாக அழைத்தாலும் ஓர் உயிர் பிழைத்தால் போதும்' என்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. காணாத அந்த ஒருவனை மறந்து பேசுகிற இரக்கம் அரை இரக்கமே. அஞ்சியவனை அதட்டுகிற ஒழுங்கும் அரை ஒழுங்கே.

நாம் கருதுவது இது: அழைப்பவன் கடமை தீர்ப்பு வழங்குவதன்று; சாட்சி சொல்வது. கண்டதைக் கண்டபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வது அவன் பொறுப்பு. அதைக் கேட்டு, எது முன்னே, எது பின்னே என்று வரிசைப்படுத்துவது மறுமுனையில் அமர்ந்திருக்கும் பயிற்சி பெற்றவரின் பொறுப்பு. 'மூச்சு வருகிறதா? பேச்சு வருகிறதா? இரத்தம் நிற்கிறதா?' என்று அவர் கேட்பது அதற்காகத்தான். அக்கேள்விகளைத் தாமதம் என்று எண்ணிச் சினப்பவர் பலர். அவை தாமதமல்ல, முகம் காணாத இடத்தில் முகத்தைக் காண முயலும் முயற்சி.

அப்படியானால் அழைப்பவனிடம் நாம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தாமதம் என்ன செய்யும்? தாமதித்தால் மீட்க முடியாதது அழிந்துவிடும் என்றால் முதல் எண். தாமதித்தால் தொல்லை மட்டுமே கூடும் என்றால் இரண்டாம் எண். துன்பத்தின் பருமன் இங்கே அளவுகோலன்று. காலத்தின் கூர்மையே அளவுகோல். நேற்றிரவு களவுபோன மோட்டார் சைக்கிள் பெரிய இழப்புதான். ஆயினும் அது காத்திருக்கும். பின்கட்டில் இந்நேரம் பூட்டை உடைப்பவன் ஒன்றும் எடுக்கவில்லை எனினும் அந்த ஓசை காத்திருக்காது. பக்கவாதத்தில் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். வாய் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறும் பெரியவருக்கு வலி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் காலம் அங்கே கத்தியாகி நிற்கிறது.

இந்த ஒரு கேள்விக்கும் விடை தெரியாமல் திகைத்தால்? அப்போது முதல் எண்ணையே அழைக்க வேண்டும். இரு பிழைகளின் விலையும் ஒன்றல்ல. வீணாக அழைத்தவனை மறுமுனையில் இருப்பவர் இரண்டாம் எண்ணுக்கு அனுப்பிவிடலாம். அழைக்காமல் இருந்தவனை யாரும் திருத்த முடியாது.

நம்மவர் இல்லங்களில் அதிகம் நேர்வது எந்தப் பிழை என்று பார்த்தால், வீணாக அழைப்பதன்று, அழைக்காமல் இருப்பதே என்று நமக்குத் தோன்றுகிறது. நள்ளிரவில் உம்மாவுக்கு நெஞ்சை அடைக்கிறது. 'வாயுவாக இருக்கும், சுக்கு வைத்துக் கொடு' என்கிறார். 'விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம், ஊரை ஏன் எழுப்ப வேண்டும்' என்கிறார். தம் துன்பத்தால் பிறர் உறக்கம் கெடக்கூடாது என்று வாழ்ந்து பழகிய தலைமுறை அது. அந்தப் பண்பு வணங்கத்தக்கது. ஆனால் அந்த இரவில் அது பகையாகிறது. தன் துன்பத்தைப் பெரிதாக்கிச் சொல்வது பொய் என்றால், சிறிதாக்கி மறைப்பதும் சாட்சியைக் குலைப்பதே ஆகும். தனக்கென ஒதுக்கப்பட்ட உரிமையை உரிய நேரத்தில் எடுத்துக்கொள்வது பேராசையன்று.

பிழை வேறு, பொய் வேறு என்பதையும் இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். வண்டி விரைந்து வரவேண்டும் என்பதற்காக 'மூச்சே இல்லை' என்று கூசாமல் சொல்பவன் உண்டு. விளையாட்டுக்காக அழைத்துச் சிரிப்பவனும் உண்டு. இவர்கள் திருடுவது அரசின் பணத்தையன்று. பெயர் தெரியாத ஒருவனின் நிமிடங்களை. திருடிய பொருளைத் திருப்பித் தரலாம். திருடிய நிமிடத்தை எவர் திருப்பித் தருவார்? இனி, யாரும் எண்ணாமலே செல்லும் அழைப்பு ஒன்றும் உண்டு. அன்று கம்பிகள் உரசி மணி அடிக்குமே என்று அஞ்சினார்கள். இன்று சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி தானே அழைத்துவிடுகிறது. 2023இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வந்த ஒரு மாற்றத்தால், பக்கவாட்டுப் பொத்தான் தற்செயலாக அழுந்தி 999க்குப் பேச்சற்ற அழைப்புகள் குவிவதாகப் பிரிட்டனின் காவல்துறையினர் முறையிட்டார்கள். அத்தகைய வேளையில் வெட்கி இணைப்பைத் துண்டிக்கலாகாது. 'தவறி அழைத்துவிட்டது, இங்கே ஆபத்தில்லை' என்று ஒரு சொல் சொல்வதே முறை. ஏனெனில் பேச்சற்ற அழைப்பெல்லாம் தவறிய அழைப்பன்று. கொடியவன் அருகிலிருக்க, வாய்திறக்க அஞ்சி நிற்பவரும் அப்படித்தான் மௌனமாக அழைக்கிறார். அவருக்காகவே அந்நாட்டில், கைப்பேசியிலிருந்து அழைப்பவர் 55 என்று அழுத்தித் தம் நிலையை உணர்த்த வழி வைத்திருக்கிறார்கள். நாம் சொல்லும் ஒரு சொல், அவருடைய மௌனத்துக்கு மதிப்பைத் தேடித் தரும்.

இதுவரை அழைப்பவன் கடமையைச் சொன்னோம். அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாமும் ஓரம் சாய்ந்தவர்கள் ஆவோம். இரண்டாம் எண்ணை வைத்தவர்களுக்கும் கடமை உண்டு. பெரிய கடமை அதுவே. இரண்டாம் எண்தான் முதல் எண்ணுக்குக் காவல். அங்கே மணி அடித்து அடித்து ஓய்ந்துபோனால் மக்கள் என்ன செய்வார்கள்? எடுக்கும் எண் எதுவோ அதைத்தான் நாடுவார்கள். பிரிட்டனில் 999க்குக் கட்டணம் இல்லை. 101க்கோ ஓர் அழைப்புக்கு 15 பென்ஸ் வாங்கினார்கள். 2020 ஏப்ரலில்தான் அந்தக் கட்டணம் நீங்கியது. அவசரமல்லாத எண்ணுக்கு விலை வைத்துவிட்டு, அவசர எண்ணை ஏன் வீணாக அழைக்கிறீர்கள் என்று ஏழையிடம் கேட்பதில் என்ன நியாயம்? அவசரமல்லாதது என்றால் அற்பமானது என்று பொருளன்று. இன்று கேட்கப்படாத முறையீடுதான் நாளை இரவின் அபயக்குரலாகிறது. அண்டை வீட்டுச் சச்சரவு வளர்ந்து அரிவாளில் முடிவதும், அலட்சியப்படுத்திய காய்ச்சல் உயிரைக் குடிப்பதும் நாம் காணாதவையா?

எண்களைப் பெருக்கிக்கொண்டே போவதும் நன்றன்று. காவலுக்கு 100, தீக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்று நம் நாட்டில் தனித்தனியே நின்றவற்றை ஒருங்கே அடக்கும் 112, 2018 முதல் மாநிலம் மாநிலமாக நடைமுறைக்கு வந்தது. சாலை விபத்தில் வண்டி எரிகிறது, உள்ளே மனிதன் கிடக்கிறான் என்றால் அது தீயா, நோயா, குற்றமா என்று வகைபிரிக்கும் வேலை அழைப்பவனுக்கு இல்லை என்பதே அந்த ஒற்றை எண்ணின் பொருள். வளைகுடா நாடுகளில் பிழைக்கச் சென்றிருக்கும் நம் பிள்ளைகள் இதை நன்கு உணர்வார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 998 ஆம்புலன்ஸ், 997 தீயணைப்பு. சவூதி அரேபியாவிலோ 997 ஆம்புலன்ஸ், 998 தீயணைப்பு. எல்லை தாண்டியதும் எண்கள் இடம் மாறிவிடுகின்றன. வெளிநாடு போகும் மகனுக்கு ஊறுகாயும் உடுதுணியும் கட்டிக்கொடுக்கும்போது, அந்நாட்டு அவசர எண்ணையும் எழுதிக் கொடுப்பது பெற்றோர் செய்யத்தக்க காரியம்.

வீட்டில் செய்யத்தக்கவையும் சில உண்டு. அவசரத்துக்கு எந்த எண், ஆலோசனைக்கு எந்த எண் என்பதைக் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் தெரியும்படி சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். வீட்டு முகவரியையும், அருகிலுள்ள பள்ளிவாசல், பள்ளிக்கூடம், முச்சந்தி போன்ற அடையாளத்தையும் தடுமாறாமல் சொல்லப் பிள்ளைகளைப் பழக்கலாம். எங்கே என்று சொல்லத் தெரியாத அழைப்பு, எண் சரியாக இருந்தும் வழி தவறியதே. யார் எண்ணை எடுக்க வேண்டும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்காமல், அந்த நேரத்தில் முதலில் கண்டவர் அழைப்பது என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

பொதுத் தொலைபேசிக் கம்பி யாருக்கும் சொந்தமன்று. ஆகவே எல்லாருக்கும் சொந்தம். ஊர்க்கிணற்றைப் போன்றது அது. தாகமுள்ளவன் தயங்காமல் இறைக்க வேண்டும், தாகமற்றவன் கலக்கக்கூடாது, கயிறு அறுந்தால் மாற்றிக் கட்ட வேண்டியவர்கள் கட்ட வேண்டும். முந்திச் செல்லும் உரிமையை இந்தச் சமுதாயம் நம் ஒவ்வொருவர் கையிலும் மூன்று இலக்கங்களாகக் கொடுத்து வைத்திருக்கிறது. எவரும் சோதித்துப் பார்க்காமல், நம் சொல்லை நம்பியே கொடுத்திருக்கிறது. நம்பிக் கொடுக்கப்பட்டதற்கு நம்மிடம் அமானிதம் என்று பெயர். தேவையான நேரத்தில் அதை அஞ்சாமல் எடுத்தாள்வதும், தேவையற்ற நேரத்தில் அதைத் தொடாமல் காப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே அந்த அமானிதத்தைப் பேணுதல் ஆகும். இன்றிரவு நாம் அமைதியாக உறங்கும் வேளையில், முன்பின் அறியாத ஒருவருக்காக எங்கோ அந்த மணி ஒலிக்கும். அவருக்கு வழி விட்டு விலகி நிற்கும் வரிசையில் நாமும் இருக்கிறோம்.